காயே சிவக்காத ஓவனில் இலை மட்டும் எப்படிக் கருகியது?

கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி நான்கையும் நறுக்கி, ஆலிவ் எண்ணெய், உப்பு, ரோஸ்மேரி, தைம் போட்டுப் பிசிறி, ஒரே ட்ரேயில் 180 டிகிரியில் 45 நிமிடம் வைத்திருக்கிறீர்கள். சர்க்கரைவள்ளி குழைந்துவிட்டது, பீட்ரூட் கடிபடவில்லை, எதுவும் சிவக்கவில்லை, எல்லாமே ஊதா நிறமாகிவிட்டது. ரோஸ்மேரி மட்டும் கருகிக் கசந்தது. வீகன் நண்பர்கள் (பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்கள்) சாப்பிட வருகிறார்கள், பக்க உணவாக எளிமையாக ஒன்று வேண்டும், எத்தனை டிகிரி, எந்த இலை என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காய் ஏன் அப்படி ஆனது என்பது ஒன்று. காயே சிவக்காத ஓவனில் இலை எப்படிக் கருகியது என்பது மற்றொன்று. இரண்டாவதுக்கு விடை கிடைத்தால் முதலாவது பாதி தீர்ந்துவிடும்.

பல வருடம் ஓட்டல் சமையலறையில் ஓவன் பக்கம் நின்றவன் நான். இப்போது வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உணவு விஞ்ஞானம் படித்தவன் இல்லை, வேலைக்குத் தேவைப்பட்ட அளவுக்குத் தெரிந்துகொண்டதுதான். உங்கள் ஓவனை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்து, கீழே வரும் நிமிடக் கணக்குகளைப் படியுங்கள்.

விடை தண்ணீரில் இருக்கிறது. கேரட், பீட்ரூட் எடையில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர்தான். உருளையிலும் சர்க்கரைவள்ளியிலும் முக்கால் பங்குக்குச் சற்று மேல். டர்னிப், முள்ளங்கி இரண்டிலும் 90 சதவீதத்தைத் தாண்டும். ஒரு துண்டின் மேல்பரப்பில் ஈரம் இருக்கிறவரை, ஓவனில் நீங்கள் என்ன எண் வைத்திருந்தாலும், அந்தப் பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறமும் வறுத்த மணமும் வருவது பெரும்பாலும் மெயிலார்ட் வினையால். காயில் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து மாறுவது அது. அது வேகம் பிடிக்க 140 டிகிரியாவது வேண்டும். அதாவது மேல்பரப்பு காய்ந்த பிறகுதான் சிவக்கவே ஆரம்பிக்கும். அந்த ஈரத்தைக் காயவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு, அதை முழுதாக ஆவியாக்க ஆகும். ரோஸ்மேரி இலையோ ஊசி மாதிரி மெல்லியது. அதில் இருக்கிற கொஞ்ச ஈரம் சில நிமிடங்களில் போய்விடும், பிறகு அது ஓவனின் முழுச் சூட்டுக்கும் ஏறிவிடும். பக்கத்தில் இருக்கும் கேரட் 100 டிகிரியில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது இலை 180-இல் வறுபட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே ட்ரேயில் இரண்டு வேறு கடிகாரங்கள் ஓடுகின்றன, நீங்கள் இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்துவிட்டீர்கள்.

எனவே முதல் மாற்றம், சூட்டைக் கூட்டுவது. 180 இதற்குப் போதாது. 180-இல் ஈரம் மெதுவாகப் போகும், அது போய் முடிவதற்குள் உள்பக்கம் குழைந்துவிடும். சாதாரண ஓவனில் 220, ஃபேன் உள்ள ஓவனில் 200. ஃபேன் ஈரக் காற்றை நகர்த்திக்கொண்டே இருப்பதால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். வீட்டு ஓவன்களில் முகப்பு எண்ணும் உள்ளிருக்கும் சூடும் பத்து இருபது டிகிரி வித்தியாசப்படுவது சகஜம். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டால் பல குழப்பம் தீரும். முழுதாகச் சூடேறிய பிறகுதான் ட்ரேயை உள்ளே வைக்க வேண்டும். இதில் அவசரப்படக்கூடாது என்பதற்கு, நேரம் வீணாவது போக இன்னொரு காரணமும் உண்டு. கேரட், பீட்ரூட் போன்றவற்றை 55, 60 டிகிரி அளவில் கொஞ்ச நேரம் இருக்கவிட்டால், அவற்றில் உள்ள ஒரு என்சைம் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடும். அப்படி இறுகியதைப் பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் லேசில் மென்மையாகாது. குளிர்ந்த ஓவனில் வைத்து மெதுவாகச் சூடேற்றினால் உங்கள் பீட்ரூட்டுக்கு நேர்ந்தது நேர வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, ட்ரேயில் இடம். சொல்லிக்கொடுக்கும்போது நான் அதிகம் கத்துவது இதற்காகத்தான். துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தால் வெளிவரும் நீராவி போக வழியில்லாமல் அங்கேயே சுற்றும். அது அவிப்பது, வறுப்பது இல்லை. துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி தெரிய வேண்டும். ஒரு கிலோ காய்க்கு, வீட்டு ஓவனில் நுழையும் சாதாரண ட்ரே இரண்டு தேவைப்படும். ஓரம் தாழ்ந்த உலோக ட்ரே நல்லது. ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் நீராவி தங்கும், அடியும் சுலபத்தில் சிவக்காது. பேக்கிங் பேப்பர் விரித்தால் ஒட்டாது, கழுவுவது சுலபம், நிறம் மட்டும் ஒரு மாற்றுக் குறையும். அந்த விலையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்பது ட்ரேயைக் கழுவப்போவது யார் என்பதைப் பொறுத்தது. காலி ட்ரேயை முன்பே ஓவனில் சூடாக்கி, சூட்டோடு காயைக் கொட்டலாமா என்றும் கேட்பார்கள். உருளைக்கிழங்குக்கு அது நிச்சயம் உதவுகிறது, மற்றவற்றுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கை சுட்டுக்கொள்ளும் வாய்ப்பைப் பார்த்தால் வீட்டில் அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

கழுவிய காயைத் துணியால் ஒற்றி நன்றாகக் காயவையுங்கள். நாம் ஊற்றிய தண்ணீரையும் சேர்த்து ஓவன் ஏன் ஆவியாக்க வேண்டும்? உப்பு போட்டுப் பிசிறியதும் உடனே உள்ளே வைத்துவிடுங்கள். உப்போடு அரை மணி நேரம் ஊறினால் தண்ணீர் விட்டுவிடும். ஒரு கிலோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் தூளுப்பு சரியாக இருக்கும், உறுதியில்லை என்றால் ஒன்றில் ஆரம்பித்துக் கடைசியில் தூவிக்கொள்ளலாம்.

எண்ணெய் ஒரு கிலோவுக்கு இரண்டிலிருந்து மூன்று டேபிள்ஸ்பூன். குறைந்தால் மேல்தோல் காய்ந்து தோல்போல இழுபடும், கூடினால் அடியில் தேங்கிக் காய் எண்ணெய் குடித்தது போலாகும். ஒவ்வொரு துண்டும் பளபளக்க வேண்டும், ட்ரேயில் குளம் கட்டக்கூடாது. ஆலிவ் எண்ணெயை இந்தச் சூட்டில் பயன்படுத்தினால் விஷமாகிவிடும் என்று சுற்றிவரும் பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். எண்ணெய் பூசிய காயின் பரப்பு பெரும்பாலான நேரம் ஓவன் சூட்டைவிட நிறையக் குறைவாகவே இருக்கும். தவிர ஒரு எண்ணெய் சூட்டைத் தாங்குவது அது புகையும் புள்ளியை மட்டும் பொறுத்ததில்லை. ஆனால் விலை கூடிய எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயின் நறுமணம் ஓவனில் பெரும்பாலும் போய்விடும், அது உண்மை. சாதாரண எண்ணெயில் வறுத்துவிட்டு, நல்ல எண்ணெயைப் பரிமாறும்போது ஒரு ஸ்பூன் மேலே விடுவதுதான் சிக்கனம். கேரட், சர்க்கரைவள்ளி இவற்றின் பீட்டா கரோட்டின் உடம்பில் சேர்வதற்கும் எண்ணெய் வேண்டும். வீகன் என்றதும் எண்ணெயையும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்காகச் சொன்னேன்.

இனி காய்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரே காய்க்குள் அது சரி. நான்கு வகை சேரும்போது, மெதுவாக வேகுவதைச் சின்னதாகவும் சீக்கிரம் வேகுவதைப் பெரிதாகவும் வெட்ட வேண்டும். பீட்ரூட் ஒன்றரை செண்டிமீட்டர், கேரட் இரண்டு, சர்க்கரைவள்ளி மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். கேரட்டை வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் பிளந்து சாய்வாக வெட்டினால் தட்டையான முகம் கிடைக்கும். அந்த முகம் ட்ரேயைத் தொடும்படி வைத்தால் அங்கேதான் நல்ல நிறம் வரும். முதல் 20 நிமிடம் கிளறவே கிளறாதீர்கள். சிவந்த முகம் தானாகவே ட்ரேயிலிருந்து விட்டுவரும், ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் நேரமாகவில்லை.

உருளைக்கிழங்கு தனி ரகம். மேலே மொறுமொறுப்பும் உள்ளே மாவும் வேண்டுமானால், மூன்று செண்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, உப்புத் தண்ணீரில் எட்டு பத்து நிமிடம், ஓரம் மட்டும் கரையத் தொடங்குகிறவரை வேகவைத்து வடிகட்டுங்கள். ஆவி அடங்கியதும் அதே பாத்திரத்தில் மூடிபோட்டு நாலு குலுக்கு குலுக்கினால் மேல்பரப்பு சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்புதான் எண்ணெயில் மொறுமொறுப்பாகும். வேகும் தண்ணீரில் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் ஓரம் இன்னும் நன்றாக உடையும். சோடாவின் காரத்தன்மை பெக்டினைக் கரைக்கிறது. எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு இதற்கு நேர்மாறு, பெக்டினைப் பிடித்து நிறுத்தி வேகுவதைத் தாமதப்படுத்தும். அதனால் எலுமிச்சைச் சாற்றை ஓவனுக்கு முன் சேர்க்காதீர்கள்.

சர்க்கரைவள்ளியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைம் இருக்கிறது. ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரை அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். முழுக் கிழங்கைத் தோலோடு மெதுவாகச் சுட்டால் அவ்வளவு இனிப்பதற்கு அதுதான் காரணம், அந்த வெப்ப எல்லைக்குள் நெடுநேரம் இருக்கிறது. துண்டுகளாக வெட்டி 220-இல் வைத்தால் அந்த எல்லையைச் சீக்கிரம் தாண்டிவிடும், இனிப்பு குறையும், நிறம் கூடும். பக்க உணவுக்கு இது போதும் என்பது என் அபிப்பிராயம், கேரட்டே போதுமான இனிப்பைக் கொடுத்துவிடும். ஒன்று மட்டும், சர்க்கரைவள்ளி உருளை மாதிரி மொறுமொறுப்பாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓரம் சிவக்கும், அவ்வளவுதான்.

பீட்ரூட் நிறம் மற்றதில் ஏறாமல் இருக்க, தனிக் கிண்ணத்தில் எண்ணெய் பிசிறி, தனி ட்ரேயிலோ ட்ரேயின் ஒரு ஓரத்திலோ வைத்து, பரிமாறும் தட்டில்தான் சேர்க்க வேண்டும். கலந்து கிளறினால் எந்த உபாயமும் பலிக்காது. இல்லையென்றால் முழுசாகத் தோலோடு ஃபாயிலில் சுற்றி 200-இல் ஒரு மணி நேரம் போல வைத்து, ஆறியதும் தோலைக் கையால் தள்ளி உரித்து வெட்டுங்கள். இதில் வறுத்த நிறம் கிடைக்காது, ஆனால் சாறு வீணாகாது, வேகாமல் போகும் கவலையும் இல்லை. பீட்ரூட்டின் மண் வாசனை சிலருக்குப் பிடிப்பதில்லை. ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது அது. புளிப்பு பட்டால் அது சிதையும், அதனால் வெந்த பீட்ரூட்டில் சூடாக இருக்கும்போதே கொஞ்சம் வினிகர் தெளியுங்கள்.

வேறு கிழங்குகளையும் சேர்க்கலாமா என்று யோசித்தால் சிலவற்றில் கவனம் வேண்டும். மரவள்ளியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால், பச்சையாக வெட்டி நேராக ஓவனில் வைக்காமல், தோலுரித்து நிறைய தண்ணீரில் முழுதாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வறுக்க வேண்டும். சேப்பங்கிழங்கில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் அரைவேக்காட்டில் தொண்டை அரிக்கும், அதையும் முன்பே வேகவைத்துக்கொள்ளுங்கள். சேனைக்கிழங்கும் இதே போல அரிக்கும், அதற்கும் இதையே செய்யுங்கள்.

இப்போது இலைகளுக்கு வருவோம். வாசனை இலைகளைச் சமையலறையில் இரண்டு கூட்டமாகப் பிரிப்போம். ரோஸ்மேரி, தைம், சேஜ், ஆரிகானோ ஒரு கூட்டம். இலை தடித்தது, மணம் தரும் எண்ணெய்ப் பொருட்கள் ஓரளவு சூட்டைத் தாங்கும். பார்ஸ்லி, கொத்தமல்லி, புதினா, பேசில், டில் இன்னொரு கூட்டம். இவற்றை ஓவன் பக்கமே காட்டக்கூடாது, பரிமாறும்போது பச்சையாகத் தூவ வேண்டும். முதல் கூட்டம்கூட 220-இல் 40 நிமிடம் தாங்காது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. ரோஸ்மேரியைக் காம்போடு முழுசாகக் காய்களுக்கு அடியில் வைப்பது, அது காயின் ஈரத்தில் மறைந்திருப்பதால் மெதுவாகத்தான் காயும், பரிமாறும்போது எடுத்துப் போட்டுவிடலாம். அல்லது உருவிய இலைகளை ஒரு ஸ்பூன் எண்ணெயில் நன்றாக நனைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் ட்ரேயில் தூவிப் புரட்டுவது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. காய்க்கு ஊற்றப்போகும் எண்ணெயைச் சின்னப் பாத்திரத்தில் இலைகளோடு சேர்த்து மிகக் குறைந்த தீயில் வைத்து, இலையைச் சுற்றி லேசாகக் குமிழி கட்டியதும் அணைத்து, கால் மணி நேரம் விட்டு வடிகட்டுங்கள். தைமின் தைமால், ரோஸ்மேரியின் சினியோல் போன்ற மணப்பொருட்கள் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அந்த எண்ணெயைக் காயில் பிசிறி வறுத்து, வடித்த இலைகளைக் கடைசியில் மேலே தூவினால் மணம் காய் முழுக்க ஏறியிருக்கும், கருகலும் இல்லை.

எது எதோடு சேரும் என்பதில் விதி எதுவும் கிடையாது, பழக்கமும் நாக்கும்தான். என்னைக் கேட்டால், உருளைக்கு ரோஸ்மேரி, கேரட்டுக்குத் தைம், பீட்ரூட்டுக்கு டில், சர்க்கரைவள்ளிக்குச் சேஜ். ரோஸ்மேரியைக் கை தளர்த்திப் போடாதீர்கள், கொஞ்சம் கூடினாலும் கற்பூர வாடை அடிக்கும். கிலோவுக்கு இரண்டு சின்னக் காம்பு போதும். தைம் ஆறேழு காம்பு போடலாம். உலர்ந்த இலையானால் பச்சையில் மூன்றில் ஒரு பங்கு. அதையும் நேராகத் தூவாமல் எண்ணெயில் கலந்தே போடுங்கள், இல்லாவிட்டால் பச்சை இலையைவிடச் சீக்கிரம் கருகும்.

பூண்டும் இலையைப் போலத்தான். பொடியாக நறுக்கிப் போட்டால் பத்து நிமிடத்தில் கருகிக் கசக்கும். பற்களைத் தோலோடு அப்படியே ட்ரேயில் போடுங்கள், உள்ளே வெண்ணெய் மாதிரி வெந்திருக்கும், பிதுக்கிக் காயோடு கலக்கலாம். ஒரு எச்சரிக்கை. பூண்டோ பச்சை இலையோ ஊறிய எண்ணெய் மிஞ்சினால் அதை வெளியே வைக்கவே கூடாது. காற்றுப்புகாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் பாட்டுலிசம் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், வாசனையிலோ சுவையிலோ தெரியாது. ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

வீகன் என்பதால் இதில் என்ன குறையும்? பலர் இந்த உணவுக்கு வெண்ணெய், தேன், சீஸ் சேர்ப்பார்கள். அவை தருவது கொழுப்பு, இனிப்பு, உப்பு கலந்த ஆழம். காய் நன்றாகச் சிவந்திருந்தால் முதல் இரண்டையும் தேட மாட்டீர்கள். குறைவது பெரும்பாலும் புளிப்பும் கடிப்பும்தான். வறுத்த கிழங்கு எல்லாமே இனிப்பும் மென்மையுமாக இருப்பதால் நாலு வாய்க்குமேல் அலுத்துவிடும். அதற்கு எலுமிச்சைச் சாறு, எலுமிச்சைத் தோல் சீவல், வறுத்த வால்நட் அல்லது பாதாம் ஒரு கைப்பிடி, எள் விழுதைத் தண்ணீரும் எலுமிச்சையும் விட்டு இளக்கிய சாஸ், இவற்றில் இரண்டு இருந்தால் போதும். விருந்தாளிகளில் யாருக்காவது எள், கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கருகலைப் பற்றிப் பேசும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருளைப் பற்றிக் கேள்வி வரும், எனவே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது அது உண்டாகிறது என்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உருளையில் அதிகம். விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவது காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்கள் உணவில் சாப்பிடும் அளவால் அப்படி ஆகிறது என்று ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. கருப்பாக வறுத்தால் பொன்னிறத்தைவிட அதிகம் இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. எனவே பொன்னிறத்தில் நிறுத்துங்கள், ருசிக்கும் அதுதான் நல்லது. உருளையை ஃப்ரிட்ஜில் வைத்தால் சர்க்கரை கூடி அக்ரிலமைடு அதிகமாகும் என்று முன்பு எச்சரித்து வந்தார்கள். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2023-இல் அந்த எச்சரிக்கையைத் தளர்த்திக்கொண்டது. நான் பழக்கத்தில் இன்னும் வெளியே, இருட்டான இடத்தில்தான் வைக்கிறேன், ஃப்ரிட்ஜில் இருந்த உருளை நான் நினைப்பதற்கு முன்பே கருத்துவிடுகிறது.

உங்கள் நான்கு காய்க்கு, மொத்தம் ஒரு கிலோ என்று வைத்து, வரிசை இப்படி. ஓவனை 220-க்கு ஏற்றிவிட்டு உருளையை அரைவேக்காடு வேகவைத்து வடியுங்கள். ஒரு ட்ரேயில் உருளை, இன்னொன்றில் பீட்ரூட், இரண்டும் ஒன்றாக உள்ளே போகட்டும். பத்து நிமிடம் கழித்து உருளை ட்ரேயின் காலி இடத்தில் கேரட், இன்னொரு ஐந்து நிமிடம் கழித்து பீட்ரூட் ட்ரேயின் மறு ஓரத்தில் சர்க்கரைவள்ளி. 20-ஆவது நிமிடத்தில் ட்ரேக்களை மேல்கீழ் மாற்றி, உருளையையும் பீட்ரூட்டையும் மட்டும் புரட்டுங்கள். 30-இல் மீதியையும் புரட்டி, எண்ணெயில் நனைத்த இலைகளைத் தூவுங்கள். 40-இல் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் முடிந்தது. எது முந்திக்கொண்டாலும் அதைத் தனியாக வெளியே எடுத்துவிடுங்கள், எல்லாம் ஒன்றாக வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். எலுமிச்சையும் பார்ஸ்லியும் தட்டில் போட்ட பிறகு.

ஏர் ஃப்ரையர்தான் இருக்கிறது என்றால் 190-இல், கூடையில் ஒரே அடுக்காக, இரண்டு மூன்று தடவையாகச் செய்யுங்கள், நேரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதில் காற்று வேகமாக அடிப்பதால் உதிரி இலைகள் பறந்து சூட்டுக் கம்பியில் ஒட்டும், வடிகட்டிய எண்ணெய் முறை மட்டும்தான் அதற்குச் சரிவரும். மிஞ்சியது ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் சொதசொதவென்று ஆகிவிடும், 200-இல் பத்து நிமிடம் ஓவனிலேயே வையுங்கள்.